பவளத் தீவுகளில் எதைத் தேர்வது?

விடுமுறை என்றால் உதகை, கொடைக்கானல் என்று மலை வாசத்தலங்களையே நாடிச் சென்ற நம் குடும்பங்கள், அண்மைக் காலமாகக் கடல் நடுவே கிடக்கும் தீவுகளின்பால் கண்ணைத் திருப்பத் தொடங்கியுள்ளன. 2024ஆம் ஆண்டு சனவரியில் இந்தியப் பிரதமர் இலட்சத்தீவுக் கடலில் முகக்கண்ணாடி அணிந்து நீந்திய படங்கள் வெளியானதும், இதுவரை தீவுகளைப் பற்றிச் சிந்தித்திராத பலருக்கும் அந்த ஆசை முளைத்துவிட்டது. வெள்ளிவிழாக் காணும் தம்பதியர், வெளிநாட்டு வேலையிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள், தேர்வு முடித்த மாணவர்கள் ஆகியோர், “சாமி, எந்தத் தீவு நல்ல தீவு?” என்று நம்மிடமும் கேட்கின்றனர். கடற்கரைப் பங்குகளில் பல்லாண்டுகள் பணியாற்றியவர்கள் என்பதால் நமக்குக் கடல் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள் போலும்.

ஸ்நோர்கெலிங் எனப்படும் மூச்சுக்குழல் நீச்சல் கடினமானதன்று. கண்ணையும் மூக்கையும் மூடும் முகக்கண்ணாடி ஒன்று. வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த குழாய் ஒன்று. வாத்தின் பாதம் போன்ற ரப்பர் காலணி இரண்டு. இவற்றை அணிந்து நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி, குழாய் வழியே மூச்சுவிட்டுக்கொண்டு கீழே நோக்கினால், பவளப் பார்களும் அவற்றில் மேயும் வண்ண மீன்களும் தெளிவாகத் தெரியும். தூத்துக்குடிக் கடலில் நம் முன்னோர் காலில் கல்லையும் இடையில் கயிற்றையும் கட்டி, மூச்சை அடக்கி முத்துக் குளித்தனர். அவ்வளவு துணிவு இதற்கு வேண்டியதில்லை. மிதவைச் சட்டை அணிந்தால், நீச்சலில் தேறாதவரும் தக்க துணையோடு பார்த்து மகிழலாம்.

ஆயினும், “எந்தத் தீவு அழகு?” என்னும் கேள்வியோடு தொடங்குவது சரியன்று. விளம்பரப் படத்தில் எல்லாத் தீவும் அழகே. நாம் போகும் மாதத்தில் அக்கடல் எப்படி இருக்கும்? நம் குடும்பத்தில் நீந்தத் தெரியாதவர் யார்? அத்தீவில் என்ன கட்டுப்பாடுகள் உள்ளன? இந்த மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே தீவின் பெயரைப் பேச வேண்டும். இவற்றுள் மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. அதுவே தலையாயது என்பது நம் முடிவு.

காற்றறிந்து பயணம்

கடலோர மக்கள் காற்றைக் கேட்டே கட்டுமரத்தை இறக்குவர். கச்சான் காற்று வீசும்போது மேற்குக் கடல் பொங்கும். வாடை வீசும்போது கிழக்குக் கடல் கலங்கும். விடுமுறைப் பயணத்துக்கும் இதுவே முதல் விதி.

இலட்சத்தீவுக்கு அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை நல்ல காலம். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். தீவுகளுக்கிடையே படகுப் போக்குவரத்தே சுருங்கிவிடும். அந்தமானில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். மாலத்தீவிலும் அதே மாதங்களே மழை குறைந்த காலம். இலங்கையின் கிழக்குக் கரையோ இதற்கு நேர்மாறு. அங்கே மே முதல் செப்டம்பர் வரை கடல் கண்ணாடி போலிருக்கும். ஆண்டு இறுதியில் வாடையும் மழையும் அதைக் கலக்கிவிடும்.

நம் பிள்ளைகளின் விடுமுறையோ ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் வருகிறது. பருவக்காற்றின் வாசலில் நிற்கும் காலம் அது. அதுமட்டுமன்று, ஆண்டிலேயே இக்கடல்நீர் மிகுதியாகச் சூடேறும் காலமும் அதுவே. அச்சூடு பவளத்தை என்ன செய்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம். இங்கே ஒன்று மட்டும் கூறுவோம்: அரையாண்டு விடுமுறையே தீவுப் பயணத்துக்கு உகந்தது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவைப் பங்கிலேயே உற்றார் உறவினரோடு கொண்டாடிவிட்டு மறுநாள் புறப்படலாம். பொங்கல் விடுமுறையும் ஏற்றதே.

தீவின் அமைப்பு

பவளத்தைக் கல் என்று எண்ணுவோர் உண்டு. செடி என்பாரும் உண்டு. அது உயிரினம். கடுகளவும் மிளகளவுமான சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் கூடி வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கின்றன. அவ்வீடுகளின் தொகுதியே பார். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஓர் ஆள் உயரப் பவளப் பாறை நம் பாட்டனுக்கும் மூத்தது.

பார்களின் அமைப்பை விளக்கி 1842ஆம் ஆண்டு நூல் எழுதியவர் சார்லஸ் டார்வின். நிலத்தின் ஓரத்தை ஒட்டியே வளர்வது ஒருவகை. அந்தமானில் இதைக் காணலாம். எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பார் மட்டும் வளையமாக எஞ்சுவது இன்னொரு வகை. இலட்சத்தீவும் மாலத்தீவும் இவ்வகையின. இவ்வளையத்தை ஆங்கிலத்தில் ‘அட்டால்’ என்கிறார்கள். அச்சொல்லே மாலத்தீவு மக்களின் திவெகி மொழியிலிருந்து உலகுக்குச் சென்றதாகும்.

இந்த வேறுபாடு ஏட்டறிவன்று. நம் பிள்ளைகளின் பாதுகாப்போடு தொடர்புடையது. வளையத்தின் உட்புறம் இடுப்பளவும் மார்பளவுமாக அலையடங்கிய நீர் பரந்து கிடக்கும். இதைக் களப்பு என்பர். முதன்முறை நீரில் இறங்கும் சிறுவர்க்கு அதுவே பள்ளிக்கூடம். வளையத்தின் வெளிவிளிம்பிலோ பார் சட்டென்று முடிந்து ஆழ்கடல் தொடங்கும். பெரிய மீன்களும் கடலாமைகளும் அங்கேதான் மிகுதி. ஆனால் நம் மீனவர் நீவாடு என்று சொல்லும் நீரோட்டமும் அங்கே வலிது. ‘தீவைச் சுற்றிப் பார் உண்டு’ என்று விளம்பரம் கூறினால், ‘களப்பிலா, விளிம்பிலா?’ என்று கேட்டறிதல் வேண்டும்.

இலட்சத்தீவு

நில அளவில் இந்தியாவின் மிகச் சிறிய ஒன்றியப் பகுதி இது. மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. களப்புகளின் பரப்போ 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள் வாழும் தீவுகள் 10. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை 64,473. மினிக்காய் நீங்கலான தீவுகளில் மலையாளத்தின் ஒரு வழக்கும், மினிக்காயில் திவெகி சார்ந்த மகல் மொழியும் பேசப்படுகின்றன.

கொச்சியிலிருந்து கப்பலில் சென்றால் தீவுக்கேற்ப 14 முதல் 18 மணி நேரம் ஆகும். அகத்தித் தீவுக்கு வானூர்தியும் உண்டு. அத்தீவினர் அல்லாத இந்தியக் குடிமக்களும் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். பங்காரம் தவிர்த்த தீவுகளில் மதுவிலக்கு நிலவுகிறது. மக்கள் பெரும்பாலும் இசுலாமியர். அடக்கமான உடையை எதிர்பார்ப்பவர்கள். ‘என்ன இவ்வளவு கெடுபிடி!’ என்று சிலர் சலித்துக்கொள்வர். குடும்பத்தோடு செல்வோர்க்கு இவற்றில் குறை சொல்ல என்ன இருக்கிறது? கடமத்துத் தீவின் நீண்ட களப்பில் குழந்தைகள் அஞ்சாமல் மிதக்கலாம். இரவில் ஆரவாரம் இராது.

அனுமதி ஏன் தேவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பவளத் தீவில் ஆறில்லை, ஏரியில்லை. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அதை அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரித்துவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை நிறுவியது இத்தட்டுப்பாட்டினால்தான். நாம் இருமுறை குளிக்கும் நீர் அங்கே ஒரு வீட்டின் ஒரு நாள் சமையல் நீர். வருவோர் தொகையை அளந்து விடுவது விருந்தோம்பலில் குறையன்று; வீட்டை அறிந்து விருந்தை அழைப்பதாகும்.

அந்தமான்

தமிழ்க் குடும்பங்களுக்கு முதற்பயணமாக நாம் பரிந்துரைப்பது அந்தமானையே. சென்னையிலிருந்து வானூர்தியில் சில மணி நேரத்தில் சென்றுவிடலாம். கடற்பயணத்தை விரும்புவோர்க்குக் கப்பலும் உண்டு, அதற்கு மூன்று நாளளவு ஆகும். இந்தியர்க்குக் கடவுச்சீட்டு வேண்டா. தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. அங்கே கடைத்தெருவில் தமிழ் கேட்கும். 1984இல் நிறுவப்பெற்ற மறைமாவட்டமும் இருப்பதால் ஞாயிறு கடனுக்கும் தடையில்லை.

நகரிலிருந்து வண்டூர் சென்று, அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போனால் ஜாலி பாய் என்னும் சிறு தீவு. 1983இல் அமைக்கப்பெற்ற மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே விடுதி இல்லை, கடை இல்லை. பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. உடன் கொண்டுபோகும் பைகளைச் சோதித்தே விடுகிறார்கள். ஆண்டில் ஒரு பகுதி இத்தீவைத் திறந்து வைத்து, மறுபகுதியில் இதை மூடி ரெட் ஸ்கின் என்னும் அண்டைத் தீவைத் திறக்கிறார்கள். நம் உழவர் நிலத்தைத் தரிசு போட்டு ஆறவிடுவது போன்ற ஏற்பாடு இது.

நாம் அங்குச் சென்றது ஒரு சனவரித் திங்களில். நம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டி இளைஞர், இராமநாதபுரத்திலிருந்து பாட்டனார் காலத்தில் குடியேறிய குடும்பத்தவர். நீரில் இறங்குமுன் அவர் சொன்னது ஒன்றே: “சாமி, கால் வலிச்சா என் தோளைப் பிடிச்சுக்குங்க. கீழே மட்டும் மிதிச்சிடாதீங்க.” ரப்பர் வளையத்தை ஒரு கையால் இழுத்துக்கொண்டு அவர் முன்செல்ல, நாம் வளையத்தைப் பற்றியபடி மிதந்தோம். நீலமும் மஞ்சளுமான கிளிமீன்கள் பாரைக் கொறிக்கும் ஓசை, வறுத்த கடலையை மெல்வதுபோல் நீருக்குள் கேட்டது. அம்மீன்கள் கொறித்து விழுங்கும் பவளச் சுண்ணாம்பே அவற்றின் வயிற்றில் அரைபட்டு வெண்மணலாக வெளிவருகிறது என்று அவர் கூறியபோது, கரையில் நாம் வெறுங்காலோடு நடந்து வந்த மணலின் மதிப்பு நமக்குப் புலப்பட்டது.

ஹேவ்லாக் என்று அறியப்பட்டு 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றம் பெற்ற தீவில், எலிஃபண்ட் கடற்கரையில் கரையருகிலேயே பார் உண்டு. ஆயினும் அந்தமானில் உவர்நீர் முதலைகள் உள்ளன என்பதை மறத்தலாகாது. 2010ஆம் ஆண்டு அத்தீவில் இவ்வாறு நீந்திக்கொண்டிருந்த அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர் முதலையால் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், சதுப்புக் காடுகளை ஒட்டிய ஓடைவாய்களிலும் ஒருபோதும் இறங்கலாகாது. உள்ளூரார் இறங்காத இடத்தில் நமக்கு என்ன வேலை?

மாலத்தீவு

முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகள் அவன் வென்றதாகக் கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் மாலத்தீவுகளே என்பது வரலாற்றறிஞர் பலர் கருத்து. உண்மையில் தீவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,190. நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடே எட்டடிதான். 1972ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் விடுதித் தீவு திறக்கப்பட்டது. அதன்பின் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறையில் சுற்றுலா வளர்ந்தது. பின்னாளில் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விடுதிகள் நடத்த இசைவு தரப்பட்டமையால், நடுத்தரக் குடும்பங்களுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது.

இங்கே தேர்வு செய்வோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எல்லா விடுதித் தீவுக்கும் கையெட்டும் தொலைவில் பார் இல்லை. வெறும் மணற்களப்பின் நடுவே அமைந்த விடுதியில் தங்கினால், மீனைப் பார்க்க நாள்தோறும் படகுக் கட்டணம் செலுத்த நேரும். ‘கரையிலிருந்தே நீந்திச் சென்று காணும் பார் உண்டா?’ என்று முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டும். இரண்டாவது, மக்கள் வாழும் தீவுகளில் மது இல்லை; நீச்சலுடைக்குத் தனிக் கரை ஒதுக்கியிருப்பர். மூன்றாவது, அந்நாட்டில் கிறிஸ்தவ ஆலயம் கிடையாது. பிற சமயத்தாரின் பொது வழிபாட்டுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. ஞாயிறு இடையில் வருமாறு பயணம் வகுப்போர் இதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பா என்னும் பவளவளையம் 2011இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது. அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவில், தென்மேற்குப் பருவக்காலத்தில் மிதவை நுண்ணுயிர்கள் திரளும்போது, பெரிய திருக்கை இனமான மாண்டாக்கள் கூட்டமாக வந்து உண்கின்றன. அவ்விடத்தில் காற்று உருளையோடு முக்குளிக்கத் தடை. மூச்சுக்குழலோடு, வழிகாட்டியின் துணையில், வரையறுத்த நேரம் மட்டுமே மிதக்கலாம். உலகெங்கணுமிருந்து மக்கள் அங்கே வருவதற்குக் காரணம் அம்மீன்கள் இன்னும் அங்கே வருவதே. அவை வருவதற்குத் துணைநிற்பது அந்தத் தடை.

திருகோணமலைப் புறாத்தீவு

மே மாதத்தைத் தவிர வேறு விடுமுறை வாய்க்காத குடும்பங்களும் உண்டு. அவர்கள் இலங்கையின் கிழக்குக் கரையை எண்ணிப் பார்க்கலாம். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு உள்ளது. மாடப்புறாக்கள் வாழ்வதால் இப்பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர் வருவோர் தொகை பெருகிற்று. கரையோரம் தமிழ் பேசும் மக்களே வாழ்வதால் படகுக்காரரிடம் ஐயம் திரிபற எல்லாவற்றையும் கேட்டறியலாம். கறுப்பு முனைத் துடுப்புடைய சிறு சுறாக்கள் இங்கே காணப்படும். அவை மனிதரைக் கண்டு விலகிச் செல்பவை.

தீவு மிகச் சிறியது. நடுப்பகலில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே இறங்கினால், மீனைவிட மனிதக் கால்களே மிகுதியாகத் தெரியும். அக்கால்களில் பல பவளத்தின்மேல் ஊன்றியிருக்கும். ஆதலால் காலையில் முதற்படகில் சென்று கூட்டம் சேருமுன் திரும்பிவிடுதல் நன்று.

மூடிய கதவும் திறந்த கதவும்

‘நம் தமிழகத்திலேயே தீவுகள் இல்லையா?’ என்று கேட்கலாம். உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டன. 1986இல் அவை கடல் தேசியப் பூங்கா ஆயின. அத்தீவுகளில் தம் விருப்பப்படி இறங்க எவர்க்கும் இசைவில்லை.

காரணம் கசப்பானது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தோம். கரையோர ஊர்களில் பவளக்கல் பயன்படாத பழைய வீடு அரிது. அலையைத் தடுத்து நின்ற பார் அகன்றதும், அலை நேராகத் தீவை அரித்தது. விலங்குசல்லி முதலான இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. காரைச்சல்லி தேய்ந்துகொண்டே வருகிறது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே வெட்டுதல் படிப்படியாக நின்றது. கட்டுப்பாடு காலந்தாழ்ந்து வந்தால் கதவையே மூட நேரிடும் என்பதற்கு நம் வாசற்கடலே சான்று.

காலத்தோடு மூடிய கதவு மீண்டும் திறந்ததற்கும் சான்று உண்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடா, 2000ஆம் ஆண்டில் வெளியான திரைப்படம் ஒன்றினால் புகழ்பெற்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் படகுகளில் வந்து குவிந்தனர். நங்கூரங்களும் கால்களும் பவளத்தைச் சிதைத்தன. 2018 சூனில் அரசு அதை மூடியது. மூன்றாண்டுகளுக்கு மேல் ஆளரவமின்றிக் கிடந்த அவ்விடத்துக்குச் சுறாக்கள் திரும்பி வந்தன; நட்ட பவளங்கள் வேர்கொண்டன. 2022 சனவரியில் மீண்டும் திறந்தபோது, வருவோர் தொகைக்கு வரம்பு கட்டினர். படகுகளை விரிகுடாவுக்குள் விடாமல் தீவின் மறுபுறம் நிறுத்தச் செய்தனர்.

ஆகவே, அனுமதி கேட்கும் தீவையும் ஆண்டில் சில மாதம் மூடிக்கொள்ளும் தீவையும் தேடிச் செல்லுங்கள் என்கிறோம். எவரும் எப்போதும் எதையும் செய்யலாம் என்று அழைக்கும் கடலில், நாம் சென்று சேரும்போது பார்ப்பதற்கு ஏதும் எஞ்சியிராது.

வெளுக்கும் பவளம்

கால்களும் நங்கூரங்களும் செய்யும் கேட்டைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியில் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. அதற்கு நிறம் தருவனவும் அவையே. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் ஒரு பாகை சூடேறி அது சில வாரம் நீடித்தால், பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது, வெள்ளெலும்பாக நிற்கிறது. விரைவில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும்.

1998இல் மாலத்தீவின் ஆழமற்ற நீர்ப் பவளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இவ்வாறு மடிந்தது. 2010இலும் 2016இலும் மீண்டும் வெப்பம் தாக்கியது. 2024 ஏப்ரலில், உலகெங்கும் நான்காம் முறையாகப் பவளம் வெளுத்து வருவதாக அறிவியலார் அறிவித்தனர். அவ்வாண்டு இலட்சத்தீவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

‘அப்படியானால் போகவே கூடாதா?’ என்று கேட்பவர்க்கு, ‘போகலாம், ஆனால் மே மாதத்தில் வேண்டா’ என்போம். வெப்பத்தால் நலிந்து நிற்கும் பவளத்துக்கு மணல் கலக்குவதும் இடிப்பதும் நோயாளியின் கட்டிலை அசைப்பது போன்றன. குளிர்ந்த மாதங்களில் சென்றால் நமக்கும் நல்லது, அதற்கும் நல்லது. பார் முன்போல் இல்லையே என்று வழிகாட்டியிடம் சினப்பதும் முறையன்று. அவருடைய பிழைப்பே அங்குக் கிடக்கிறது.

நீரில் இறங்குமுன்

முகக்கண்ணாடியை வாங்குமுன் வாரைக் கட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சிழுத்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசையுள்ளோர்க்கு நீர் கசியும். சிறிது வாசலின் தடவிக்கொண்டால் குறையும். ஊரிலேயே நீச்சற்குளத்தில் இரண்டு மூன்று நாள் பழகிச் செல்வது, அங்கே அரைநாளை வீணாக்காமல் காக்கும். சிறுவர்க்கும் நீச்சலறியாதார்க்கும் மிதவைச் சட்டை கட்டாயம். இதய நோயும் மூச்சு நோயும் உள்ள பெரியோர், மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. எவரும் தனியே நீந்தலாகாது. இருவர் இருவராகவே செல்க.

வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் உள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு என்பதால், பலாவு நாடு 2020இலும் ஹவாய் மாநிலம் 2021இலும் அவற்றைத் தடைசெய்தன. களிம்பைத் தேடி அலைவானேன்? முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்தால் வெயிலும் தாக்காது, பவளமும் கெடாது. தீவு மக்களின் கண்ணுக்கும் அடக்கமாயிருக்கும். மீனுக்கு ரொட்டி எறியாதீர்கள். செத்த பவளத் துண்டாயினும் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். நம் நாட்டில் அது குற்றம்.

நம் பரிந்துரை

முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு டிசம்பர் இறுதியிலோ சனவரியிலோ அந்தமான். சிறு குழந்தைகளோடு அமைதியை நாடுவோர்க்கும், அனுமதிக்காகக் காத்திருக்கும் பொறுமையுடையோர்க்கும் இலட்சத்தீவு. வசதியுடையோர்க்கு, கரையை ஒட்டிய பார் உண்டென்று உறுதி செய்துகொண்ட பின் மாலத்தீவு. மே மாதம் தவிர வேறு வழியில்லை என்போர்க்குப் புறாத்தீவு, அதுவும் அதிகாலையில். கடன் வாங்கிச் செல்ல எந்தத் தீவும் தகுதியுடையதன்று. சேமித்து ஓராண்டு கழித்துச் சென்றாலும் கடல் குறைசொல்லாது.

தீவைத் தேர்வு செய்யும் நாளில் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். நாட்காட்டியை அவர்கள் கையில் கொடுத்து எந்த மாதம் எந்தக் காற்று என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். பார் என்பது உயிர் என்றும், அதன்மேல் ஊன்றலாகாது என்றும் புறப்படுமுன்னரே அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவ்வாறு அறிந்து செல்லும் பிள்ளை, நீரில் ஒருவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டால் தானே சென்று, “ஐயா, காலை எடுங்கள்” என்று சொல்லும். அப்படிப்பட்ட பிள்ளைகளோடு வரும் குடும்பத்தை எந்தத் தீவும் மகிழ்ந்து வரவேற்கும்.